செக்யூரிட்டி பேப்பருக்கு குரூப் ப்ராஜெக்ட்: அஞ்சு பேர், எட்டு வாரம், எங்கே ஆரம்பிக்கிறது?

#1 பென்சில்முனை
எல்லாருக்கும் வணக்கம். நான் மூணாம் வருஷம் சிஎஸ்இ. இந்த செமஸ்டர் கணினிப் பாதுகாப்பு பேப்பருக்கு குரூப் ப்ராஜெக்ட் இருக்கு. பேட்ச்சுக்கு அஞ்சு பேர், எட்டு வாரம். "பாதுகாப்பான மாணவர் லாகின் சிஸ்டம்"னு தலைப்பு எழுதிக் குடுத்தோம். கைட் மேம் அதைப் படிச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "யார்கிட்ட இருந்து பாதுகாப்பு?" அஞ்சு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

இப்போதைக்கு எங்க பிளான்: லாகின், ஓடிபி, முக அடையாளம், ஃபயர்வால், பிளாக்செயின். ஆளுக்கு ஒரு மாட்யூல், கடைசி வாரம் எல்லாத்தையும் சேர்க்கிறது. ரெண்டு பேர்கிட்ட லேப்டாப் இல்ல. லேப் நாலரைக்குப் பூட்டிருவாங்க. ப்ராஜெக்ட் சென்டர்ல வாங்கிரலாம்னு பேட்ச்ல ஒருத்தர் சொல்றார், எனக்கு மனசு ஒப்பல. இந்தப் பாடம் எனக்கு நிஜமாவே பிடிச்சிருக்கு. வெள்ளிக்கிழமை ஜீரோத் ரிவியூ, அதாவது தலைப்பை ஒப்புக்கிற முதல் ரிவியூ. எங்கிருந்து தொடங்கணும்னு சொல்லுங்க.

#2 கற்பூரவள்ளி
உங்க மேம் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிட்டாலே பாதி ப்ராஜெக்ட் முடிஞ்சிரும்மா. நான் சென்னையில செக்யூரிட்டி டெஸ்டிங் வேலையில இருக்கேன். எங்களுக்கும் ஒவ்வொரு வேலையும் அங்கதான் ஆரம்பிக்கும்.

ஒரு தாள் எடுத்து நாலு விஷயம் எழுதுங்க. எதைக் காப்பாத்துறோம்? யார் வர்றாங்க? வர்றவங்க கையில ஏற்கெனவே என்ன இருக்கு? எதை நாம பார்க்கப் போறதில்ல? இந்த நாலாவதை யாரும் எழுத மாட்டாங்க. ஆனா எட்டு வாரத்துல முடிக்க வைக்கிறது அதுதான். "ஓடிபி எங்க எல்லைக்குள்ள இல்ல"னு எழுதிட்டா அது உங்க குறையா நிக்காது, நீங்க எடுத்த முடிவா நிக்கும்.

மிரட்டல்களை வரிசையா யோசிக்க ஸ்ட்ரைட்னு ஒரு முறை இருக்கு, 1999ல மைக்ரோசாஃப்ட்ல உருவானது. ஆள் மாறாட்டம், தரவைத் திருத்துறது, செஞ்சதை மறுக்கிறது, தகவல் கசிவு, சேவையை முடக்குறது, இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கிறது, ஆக மொத்தம் ஆறு. உங்க லாகின் பக்கத்தை ஆறோடவும் ஒட்டிப் பாருங்க. அதுல ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கோங்க.

நான் எடுக்கறதா இருந்தா இதை எடுப்பேன்: டேட்டாபேஸ் திருடு போயிருச்சு, ஹாஷ் (பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாதபடி மாத்தி வெச்ச குறியீடு) எல்லாம் திருடன் கையில. இனிமே பாஸ்வேர்ட் எவ்வளவு நேரம் தாங்கும்? இது கற்பனை இல்ல. 2009ல ராக்யூ தளத்துல இருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்ட் போச்சு, அத்தனையும் ஹாஷ் பண்ணாத வெறும் எழுத்து. 2012ல லிங்க்ட்இன் கசிஞ்சப்ப ஹாஷ் இருந்துச்சு, சால்ட் (ஹாஷ் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாஸ்வேர்டோடவும் சேர்க்கிற தனித்தனி எழுத்துக் கலவை) இல்ல. அந்த ரெண்டுக்கும் இன்னைக்கு நாம செய்யறதுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை அளந்து காட்டுங்க. அளக்க முடியிற கேள்வியா இருக்கணும், அதுதான் முக்கியம்.

#3 இரவுப்பறவை
அக்கா சொல்றது சரிதான், ஆனா ரிவியூ பேனல்ல தலைப்பு பெருசா இருந்தாத்தான் மார்க் வருதுன்னு எங்க சீனியர்ஸ் எல்லாரும் சொல்றாங்க. வெறும் பாஸ்வேர்ட்னு போனா "இவ்வளவுதானா"ன்னு கேட்க மாட்டாங்களா?

#4 மலைக்காற்று
நான் பல ஆண்டுகளாக வைவா (வாய்மொழித் தேர்வு) பேனலில் அமர்ந்து வருகிறேன். "இவ்வளவுதானா" என்று சில நேரம் கேட்பார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் முக அடையாளம், பிளாக்செயின் என்று ஐந்து பெயர் போட்டு வரும் பேட்ச்சிடம் "இந்த வரியை ஏன் எழுதினீர்கள்?" என்று கேட்டதும் வரும் அமைதி எங்களுக்கு நன்றாகவே பழக்கம். விலைக்கு வாங்கிய ப்ராஜெக்டில் அந்த அமைதி இன்னும் நீளும். அந்தப் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். நான்கு வருடம் படித்தவர்கள், தாங்கள் செய்யாத ஒன்றுக்காகக் கைகட்டி நிற்கிறார்கள்.

சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய கட்டுரையில் பாதுகாப்பு வடிவமைப்புக்கு எட்டுக் கோட்பாடுகள் உண்டு. முதலாவது, பொறியமைப்பு சிறியதாக, எளியதாக இருக்க வேண்டும் என்பது. சிறியதாக இருந்தால்தான் வரிக்கு வரி சோதிக்க முடியும். ரிவியூவில் "ஏன் சிறியதாக வைத்தீர்கள்?" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

#5 லேப்விளக்கு
ஆளுக்கு ஒரு மாட்யூல்னு பிரிச்சா கடைசி வாரம் அஞ்சு துண்டு கிடைக்கும், அது ஒட்டாது. பத்து வருஷத்துக்கு மேல லேப்ல நின்னு பார்த்தவன் சொல்றேன் தங்கச்சி.

இப்படிப் பிரிச்சுப் பாருங்க. ரெண்டு பேர் கட்டுறவங்க, ரெண்டு பேர் உடைக்கிறவங்க, ஒருத்தர் பதிவு எழுதுறவர். நாலாவது வாரம் முடிஞ்சதும் இடம் மாறணும். கட்டினவங்க உடைக்கணும், உடைச்சவங்க கட்டணும். அப்பத்தான் வைவால யாரைக் கேட்டாலும் பதில் வரும். பதிவு எழுதுற வேலையைச் சின்ன வேலைன்னு நினைச்சுராதீங்க. எந்தத் தேதி, எந்த மெஷின், என்ன கமாண்ட் குடுத்தோம், என்ன வந்துச்சு, இதை ஒரு நாற்பது பக்க நோட்டுல அன்னன்னைக்கே எழுதணும். ரிப்போர்ட்டை ஏழாவது வாரம் உட்கார்ந்து எழுதினா பாதி மறந்து போயிருக்கும்.

வாரக் கணக்கு: முதல் வாரம் அந்த நாலு கேள்வி. ரெண்டாவது வாரம் விர்ச்சுவல்பாக்ஸ்ல (ஒரு கம்ப்யூட்டருக்குள்ளயே வேற கம்ப்யூட்டரை ஓட்டுற மென்பொருள்) ரெண்டு மெஷின், ஒண்ணு சர்வர், ஒண்ணு தாக்குறதுக்கு. அதை ஸ்னாப்ஷாட் எடுத்து வைங்க, எது கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பிரலாம். மூணும் நாலும், வேணும்னே பலவீனமா ஒரு லாகின், அதை உடைக்கிறது. அஞ்சும் ஆறும், சரியா கட்டினது, அதையும் உடைக்கப் பார்க்கிறது. ஏழாவது வாரத்துக்கு வேலையே வைக்காதீங்க. ஏதாவது ஒண்ணு தவறும், அதுக்குத்தான் அந்த வாரம். எட்டு, ரிப்போர்ட்டைக் கோத்து பிரிண்ட், பைண்டிங்.

லேப்டாப் இல்லாத ரெண்டு பேருக்கு மெஷின் தேவைப்படாத வேலையக் குடுக்காதீங்க. அவங்களுக்கு லேப் நேரத்துல கீபோர்டு, மத்தவங்க பக்கத்துல உட்காரணும்.

#6 பென்சில்முனை
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா, சார். ஜீரோத் ரிவியூ முடிஞ்சிருச்சு. "டேட்டாபேஸ் கசிந்த பிறகு கடவுச்சொல் எவ்வளவு நேரம் தாங்கும்?"னு தலைப்பையே கேள்வியா மாத்திட்டோம். மேம் மேற்கொண்டு கேள்வி கேட்காம கையெழுத்துப் போட்டாங்க. ப்ராஜெக்ட் சென்டர் பேச்சும் நின்னுருச்சு.

#7 இரவுப்பறவை
எங்க காலேஜ்லயும் இதே மாதிரி செய்யலாம்னு இருக்கோம். டேட்டாவுக்கு ஒரு யோசனை: கூகுள் ஃபார்ம் போட்டு கிளாஸ் பசங்க யூஸ் பண்ற பாஸ்வேர்டை வாங்கினா நிஜமான சாம்பிள் கிடைக்கும்ல? பேரு கேட்க வேண்டாம்.

#8 கற்பூரவள்ளி
தயவுசெய்து அதைச் செய்யாதீங்க தம்பி. பேரு கேட்கலைன்னாலும் அறுபது பேர் கிளாஸ்ல யாரோடதுன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டமே இல்ல. அதே பாஸ்வேர்ட்தான் அவங்க மெயிலுக்கும் இருக்கும், பேங்க்குக்கும் இருக்கும். உங்க ஷீட்டை ஒருத்தர் தெரியாம ஷேர் பண்ணிட்டா என்ன ஆகும்னு யோசிங்க. கேட்டா பாஸ்வேர்ட் குடுக்கலாம்னு அறுபது பேருக்குப் பழக்கியும் விட்டுருவீங்க.

பொய்க் கணக்கு 50 நீங்களே உருவாக்குங்க. பாதுகாப்புச் சோதனைக்குன்னே இருக்கிற காளி லினக்ஸ்லயே அந்தக் கசிஞ்ச ராக்யூ பாஸ்வேர்ட் பட்டியல் இருக்கு, ஒரே பாஸ்வேர்ட் ஒரு தடவைதான் வரும், சுமார் 1 கோடியே 43 லட்சம் வரி, அதிகம் பேர் வெச்சது மேல வர்ற மாதிரி அடுக்கினது. முதல் வரி 123456. மேல இருந்து சிலது, ரொம்பக் கீழ இருந்து சிலது, பட்டியல்லயே இல்லாதது சிலதுன்னு எடுங்க. ஆராய்ச்சிக்கு அதுவே போதும்.

#9 முத்துநகர்
நான் போன வருஷம் முடிச்சவன். இது படிக்கிறவங்க யாரும் எங்க பேட்ச் செஞ்ச தப்பைச் செஞ்சிரக் கூடாது, அதுக்காக எழுதுறேன்.

எங்களோடது ஏஆர்பி ஸ்பூஃபிங், அதாவது அதே நெட்வொர்க்ல இருக்கிற வேற மெஷின் மாதிரி நடிச்சு, அதுக்குப் போற தகவலை நம்ம பக்கம் திருப்புறது. விர்ச்சுவல் மெஷினோட நெட்வொர்க்கை பிரிட்ஜ்டுல வெச்சிருந்தோம். அப்படின்னா அந்த மெஷின் நேரா ஹாஸ்டல் வைஃபையில ஒரு தனி ஆளா உட்கார்ந்திருக்கும். அது எங்களுக்கு உறைக்கல. ராத்திரி ஒன்பதரைக்கு ஓட்டினோம், அந்த மாடி முழுக்க நெட் போச்சு. அடுத்த நாள் ஆன்லைன் தேர்வு இருந்த ஒருத்தர் அழுதுகிட்டே வார்டன்கிட்ட போனதை நான் பார்த்தேன். அந்த முகம் இன்னும் மறக்கல. எழுத்துல மன்னிப்பு குடுத்தோம், ஒவ்வொரு ரூமா போய் சொன்னோம்.

செட்டிங்ஸ்ல "ஹோஸ்ட்-ஒன்லி"னு மாத்தி, தாக்குற மெஷின்ல இருந்து வெளியே பிங் போகலைன்னு கண்ணால பார்த்த பிறகுதான் எதையும் ஓட்டணும். காலேஜ் வெப்சைட்டை "சும்மா ஸ்கேன்" பண்றதும் வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43ம் 66ம் எடுத்துப் படிங்க. உரிமையாளர் அனுமதி இல்லாம, நேர்மையில்லாத இல்லன்னா மோசடி நோக்கத்தோட நுழைஞ்சா மூணு வருஷம் வரை சிறை, இல்லன்னா 5 லட்சம் வரை அபராதம், ரெண்டும்கூட வரலாம். மாணவர்னு சொன்னா பிரிவு மாறாது.

#10 மலைக்காற்று
முத்துநகர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் ஒரு புழு நிரலை இணையத்தில் விட்டார். ஏற்கெனவே தொற்றிய கணினியையே அது மீண்டும் மீண்டும் தொற்றியதில் ஆயிரக்கணக்கான கணினிகள் திணறி நின்றன. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் என்று தண்டனை வந்தது. வேலி போடாமல் சோதனை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு என் வகுப்பில் முதல் நாள் சொல்லும் கதை இதுதான்.

#11 பென்சில்முனை
மூணாவது வாரம். ரெண்டு விஷயம் தப்பாப் போச்சு.

ஒண்ணு, டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருந்த ஃபைலை கிட்ல (கோடோட ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிச்சு வைக்கிற கருவி) யார் வேணும்னாலும் பார்க்கிற மாதிரி பொதுவா இருந்த ரிப்போவுக்கு ஏத்திட்டோம். அடுத்த கமிட்ல (அடுத்த சேமிப்புல) அழிச்சுட்டோம், சரியாப் போச்சுல்ல?

ரெண்டு, எங்க பேட்ச்ல ஒருத்தர் ரெண்டு வாரமா வரவே இல்ல. குரூப்ல மெசேஜ் போட்டா நீல டிக் மட்டும் வருது. மேம்கிட்ட சொல்லலாம்னு மத்த மூணு பேர் சொல்றாங்க.

#12 லேப்விளக்கு
சரியாகல. பழைய கமிட்டைத் திறந்தா அந்த ஃபைல் அப்படியே இருக்கும். முதல்ல அந்த பாஸ்வேர்டை மாத்துங்க, வரலாற்றைச் சுத்தம் பண்றதெல்லாம் பிறகு. ரகசியம் எல்லாம் தனி ஃபைல்ல, அந்த ஃபைல் பேர் கிட் ஏத்தாம விட வேண்டிய கிட்இக்னோர் பட்டியல்ல. இதை நடந்தது நடந்தபடி ரிப்போர்ட்ல எழுதுங்க.

#13 கற்பூரவள்ளி
அந்தப் பையன்கிட்ட நேர்ல போய்ப் பேசும்மா, குரூப்ல வேண்டாம். மேம்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு தடவை. "ஏன் வரல"ன்னு கேட்காதே, "இந்த ஒண்ணு மட்டும் வெள்ளிக்குள்ள செஞ்சு தர்றியா"ன்னு கேளு. அரைநாள்ல முடியிற வேலையா இருக்கட்டும்.

#14 பென்சில்முனை
பேசினேன் அக்கா. பஸ் ஸ்டாண்டுல வெச்சுத்தான் பிடிக்க முடிஞ்சுது. அவன் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். நாங்க பேசுறது பாதி புரியல, கேட்டா நேரம் வீணாகும்னு ஒதுங்கிட்டேன்னு சொன்னான். எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. எங்க அஞ்சு பேர்ல மூணு பேர் தமிழ் மீடியம்தான். இனிமே மீட்டிங் எல்லாம் தமிழ்லயே பேசி, நோட்டுலயும் தமிழ்லயே எழுதுறதுன்னு முடிவு பண்ணிட்டோம். அவனுக்குக் குடுத்த வேலை, லாகின் பக்கத்துல விதவிதமா பாஸ்வேர்ட் போட்டு எது ஏறுது எது ஏறலைன்னு பட்டியல் போடுறது.

#15 பென்சில்முனை
அஞ்சாவது வாரம், கணக்கு வந்துருச்சு. சரி பார்த்துச் சொல்லுங்க.

50 பொய்க் கணக்கு. 20 பேருக்கு ராக்யூ பட்டியல்ல முதல் ஆயிரத்துக்குள்ள இருந்து, 20 பேருக்கு பத்து லட்சம் வரிக்குக் கீழ இருந்து, 10 பேருக்கு பட்டியல்லயே இல்லாத சொற்றொடர்.

சால்ட் இல்லாத எம்டி5 (பழைய, வேகமான ஹாஷ் முறை): பட்டியல் முழுக்க ஓட பத்து வினாடிகூட ஆகல. 40 விழுந்துச்சு.

பிகிரிப்ட் (வேணும்னே மெதுவாக்கின ஹாஷ் முறை), காஸ்ட் 12 (எவ்வளவு மெதுவுங்கற அளவு): எங்க லேப் மெஷின் வினாடிக்குச் சராசரி 20 முயற்சிதான். ஒரே ஒரு ஹாஷுக்குப் பட்டியல் முழுக்க ஓட்ட 7 லட்சம் வினாடிக்கு மேல, அதாவது எட்டு நாள். ஒவ்வொருத்தருக்கும் தனி சால்ட்ங்கறதால 50 பேருக்கும் 400 நாளுக்கு மேல. இதைக் கணக்குப் போட்டதும் லேப்ல எல்லாரும் கை தட்டினோம்.

ஆனா ஓட்டிப் பார்த்தப்ப முதல் முக்கால் மணி நேரத்துக்குள்ளயே அந்த முதல் 20ம் விழுந்துருச்சு. பட்டியல்ல மேலேயே இருக்கிறதால திருடனுக்கு 400 நாள் தேவைப்படல. ஆயிரம் வரியே போதும்.

#16 கற்பூரவள்ளி
கணக்கு சரிதான். இந்தக் கடைசிப் பத்தி உங்க ப்ராஜெக்டோட உயிர். மெதுவான ஹாஷ் நல்ல பாஸ்வேர்டைக் காப்பாத்தும், 123456ஐக் காப்பாத்தாது. அதனாலதான் அமெரிக்க அரசோட தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2017ல வெளியிட்ட வழிகாட்டுதல், கசிந்த பட்டியல்ல இருக்கிற பாஸ்வேர்டை கணக்கு தொடங்கும்போதே மறுக்கச் சொல்லுது. பெரிய எழுத்து ஒண்ணு, சின்ன எழுத்து ஒண்ணு, எண் ஒண்ணுங்கற கட்டாயத்தை விட்டுரச் சொல்றதும் அதேதான். முதல் ஒரு லட்சம் வரியை மறுப்புப் பட்டியலா வெச்சு திரும்ப ஓட்டுங்க.

#17 பென்சில்முனை
இதை யாராவது விளக்குங்க, தூக்கம் வரல.

பட்டியல் போட்டுக்கிட்டிருந்த நம்ம ஆள் இன்னைக்கு நோட்டைக் கொண்டு வந்தான். போன்ல தமிழ்லயே பாஸ்வேர்ட் வெச்சுப் பார்த்திருக்கான். அவன் வெச்சது:

எங்க ஊர் குளத்துல இப்ப தண்ணி இல்ல

அப்புறம் அவன் வேணும்னே தப்பா இப்படிப் போட்டிருக்கான்:

எங்க ஊர் குளத்துல இப்ப தண்ணி இருக்கு

உள்ளே விட்டுருச்சு! நாங்க அஞ்சு பேரும் மாறி மாறி போட்டுப் பார்த்தோம். ரெண்டும் திறக்குது. "தண்ணி"க்கு அப்புறம் எதைப் போட்டாலும் திறக்குது.

#18 லேப்விளக்கு
அருமையான கண்டுபிடிப்பு தங்கச்சி, அந்தத் தம்பிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

பிகிரிப்ட் முதல் 72 பைட் மட்டும்தான் பார்க்கும். இங்கிலீஷ் எழுத்துன்னா 72 எழுத்து, யாருக்கும் இடிக்காது. எழுத்தை பைட்டா மாத்துற யூடிஎஃப்-8 முறையில தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "க" 3 பைட், "கி"ன்னா க-வும் கொக்கியும் சேர்ந்து 6 பைட். அந்த வாக்கியத்தை எண்ணுங்க: 28 குறியீடு, 84 பைட், 5 இடைவெளி, மொத்தம் 89. "தண்" முடியிறப்ப 70 ஆயிருச்சு. அடுத்த "ண"வுக்கு மூணு வேணும், ரெண்டுதான் மிச்சம். அதோட வெட்டு. குளத்துல தண்ணி இருக்கா இல்லையாங்கறது ஹாஷுக்குப் போய்ச் சேரவே இல்ல.

உங்க லேப்ல இருக்கிற பழைய பைத்தான் நூலகம் சத்தம் போடாம வெட்டுது. புதுப் பதிப்பு 72ஐத் தாண்டினா பிழை காட்டி நிறுத்திரும். ஆர்கான்2-க்கு மாறினா இந்த 72 எல்லையே கிடையாது. 2015ல கடவுச்சொல் ஹாஷ் போட்டியில ஜெயிச்சது அது, 2021ல ஆர்எஃப்சி 9106ங்கற இணையத் தொழில்நுட்ப ஆவணமா வந்துச்சு. நீங்க எடுக்க வேண்டியது ஆர்கான்2ஐடி வகை.

#19 மலைக்காற்று
இன்னொன்றையும் சோதியுங்கள். "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவோ, ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவோ. கண்ணுக்கு ஒன்றுதான், பைட் வேறு. ஒரு விசைப்பலகையில் வைத்த கடவுச்சொல் இன்னொன்றில் ஏறாமல் போகலாம். ஹாஷ் செய்யும் முன் என்எஃப்சி என்ற யூனிகோடின் பொது வடிவத்துக்கு இயல்பாக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பைத்தானில் ஒரே வரி.

தங்கள் மொழியில் கடவுச்சொல் வைக்கலாமா என்று நம் பிள்ளைகள் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டதற்கு மகிழ்கிறேன்.

#20 பென்சில்முனை
நேத்து வைவா முடிஞ்சுது.

ஏழாவது வாரத்தைக் காலியா விட்டது எங்களைக் காப்பாத்துச்சு. ஆர்கான்2ஐடி, என்எஃப்சி, மறுப்புப் பட்டியல், மூணையும் அந்த வாரத்துலதான் சேர்த்தோம். வைவா அன்னைக்கு லேப்ல கரண்ட் போய், வந்ததுக்கு அப்புறம் சர்வர் மெஷின் எழும்பவே இல்ல. முந்தின நாள் போன்ல எடுத்து வெச்சிருந்த டெமோ வீடியோவைக் காட்டினோம்.

எக்ஸ்டர்னல் (வெளியில இருந்து வந்த தேர்வாளர்) நேரா நம்ம ஆளைப் பார்த்து, "நீங்க என்ன செஞ்சீங்க?"ன்னு கேட்டார். அவன் நோட்டைத் திறந்து அந்தக் குளத்து வாக்கியத்தைக் காட்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே பென்சில்ல பைட் எண்ணி வெச்சிருந்ததைத் தமிழ்லயே விளக்கினான். 70 வந்த இடத்துல ஒரு கோடு போட்டிருந்தான். எக்ஸ்டர்னல் நோட்டை வாங்கி அவரும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். "இந்தச் சோதனைப் பட்டியலை எனக்கு அனுப்ப முடியுமா?"ன்னு கேட்டார். மார்க் இன்னும் வரல.

பட்டியல்ல இப்ப 40 தமிழ் வாக்கியம் இருக்கு. லாகின் எழுதுற யாருக்கு வேணும்னாலும் தர்றோம். கேளுங்க.

#21 இரவுப்பறவை
எனக்கு அனுப்புங்க அக்கா. கூகுள் ஃபார்மைக் கைவிட்டுட்டோம், பொய்க் கணக்குதான். எங்க தலைப்பும் இப்ப கேள்வியா மாறிருச்சு.

#22 மலைக்காற்று
வாழ்த்துகள். 41ஆவதாக "ஸ்ரீ" சேருங்கள். ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் ஒரே வடிவம்தான் தெரியும்.

#23 பென்சில்முனை
இப்பத்தான் போட்டுப் பார்த்தேன் சார். என்எஃப்சி பண்ணியும் ரெண்டுக்கும் வேற வேற பைட்தான் வருது. ஒண்ணுல கணக்கு தொடங்கினா இன்னொண்ணுல திறக்கல. நாளைக்கு மத்தியானம் லேப் காலி, அஞ்சு பேரும் உட்கார்றோம்.